கவுட்: யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தொடங்கிய பிறகும் வலி வந்தால் நிறுத்திவிட வேண்டுமா?

மாலைவெயில் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பின்னிரவில் வலது கால் பெருவிரலின் அடிமூட்டில் தொடங்கிய வலி, விடிவதற்குள் பாதத்தைத் தரையில் ஊன்ற முடியாத அளவுக்கு முற்றிவிட்டது. மூட்டு சிவந்து, தோல் பளபளவென்று வீங்கி, கை வைத்தால் கொதித்தது. போர்வையின் நுனி உரசினாலே உயிர் போனது. எட்டு நாளில் தானாக அடங்கிவிட்டதால், எங்கேயோ இடித்துக்கொண்டிருப்பேன் என்று நானும் அதை மறந்துவிட்டேன். பதினான்கு மாதம் கழித்து அதே விரலில் மீண்டும் வந்தது. இந்த ஆண்டில் மட்டும் மேலும் இரண்டு முறை வந்த பிறகுதான் இரத்தப் பரிசோதனை செய்து, யூரிக் அமிலம் 8.9 இருப்பதாகவும், இது கவுட் என்னும் மூட்டு நோய் என்றும் மருத்துவர் கூறினார்.

வலி முற்றிலும் அடங்கிய பின் அலோபியூரினால் 100 மில்லிகிராம் மாத்திரையைத் தினமும் ஒன்று வீதம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுக்கத் தொடங்கிய பத்தொன்பதாம் நாள், இதுவரை வலியே வந்திராத இடது கணுக்காலில், முன்பைவிடக் கடுமையாகத் தாக்கியது. அவசரத்தில் வேறோர் இடத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது யூரிக் அமிலம் 6.4 மட்டுமே இருந்தது. "அளவு சரியாகத்தான் இருக்கிறது, உங்களுக்கு இது கவுட்டாகவே இருக்காது" என்று அங்கிருந்தவர் கூறினார். வீட்டிலுள்ளவர்களோ, மாத்திரைதான் நோயைக் கிளறிவிட்டது, உடனே நிறுத்து என்கிறார்கள்.

இறைச்சியை அறவே விட்டுவிட்டேன், பருப்பு வகைகளையும் தவிர்க்கிறேன், மது அருந்தும் பழக்கம் எனக்கு இல்லை. இரத்த அழுத்தத்திற்கு ஒரு மாத்திரை நெடுநாளாக எடுத்துக்கொள்கிறேன். இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் ஏன் வருகிறது? மாத்திரையை நிறுத்திவிடலாமா? இந்த நோயோடு வாழ்ந்து அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

கரையோரம்

அன்புள்ள நண்பருக்கு, உங்கள் கேள்வியை நேற்று இரவே படித்துவிட்டேன். நிதானமாக எழுத வேண்டும் என்பதற்காக இன்று காலை வரை காத்திருந்தேன். பதினொரு ஆண்டுகளாக இந்நோய் எனக்கு இருக்கிறது. நீங்கள் இப்போது நிற்கும் அதே இடத்தில் நின்று, நான் மூன்று முறை மாத்திரையை நிறுத்தினேன். அந்தத் தவற்றுக்கு நான் கொடுத்த விலையை நீங்களும் கொடுக்கக் கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

முதலில், வலி வேறு, நோய் வேறு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் உடலின் உயிரணுக்கள் நாள்தோறும் அழிந்து புதுப்பிக்கப்படும்போது பியூரின் என்னும் பொருள் சிதைந்து யூரிக் அமிலமாக மாறுகிறது. பெரும்பாலான பாலூட்டி விலங்குகளுக்கு இந்த அமிலத்தை மேலும் உடைத்துக் கரைத்துவிடும் யூரிகேஸ் என்ற நொதி உண்டு. மனிதர்களுக்கு அது இல்லை. எனவே நம் சிறுநீரகம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையும் குடல் எஞ்சியதையும் வெளியேற்றியாக வேண்டும். வெளியேற்றம் மந்தமாகும்போது இரத்தத்தில் அளவு ஏறுகிறது. டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது கரைந்த நிலையில் நிற்காமல் ஊசி ஊசியான உப்புப் படிகங்களாக மூட்டுக்குள் படியத் தொடங்குகிறது. உடலின் மற்ற பகுதிகளைவிடக் கால்விரல்கள் குளிர்ச்சியாக இருப்பதால் படிகம் அங்கே எளிதில் உருவாகிறது; பெருவிரலில் நோய் முதலில் தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் படிகங்கள் ஆண்டுக்கணக்கில் சத்தமின்றிக் கிடக்கும். என்றோ ஒருநாள் அவற்றில் சில உதிர்ந்து மூட்டு நீரில் கலக்கும்போது, உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் அவற்றை அந்நியப் பொருளாகக் கருதிச் சூழ்ந்துகொள்கின்றன. அந்தப் போரைத்தான் நாம் வலியாக உணர்கிறோம். ஒன்றிரண்டு வாரத்தில் போர் ஓய்ந்துவிடும், ஆனால் படிகம் அங்கேயேதான் இருக்கும். எட்டு நாளில் உங்களுக்கு அடங்கியது வலி மட்டும்தான்.

இப்போது உங்கள் பத்தொன்பதாம் நாளுக்கு வருகிறேன். அலோபியூரினால் இரத்தத்தில் யூரிக் அமிலத்தைக் குறைக்கத் தொடங்கியதும், மூட்டில் படிந்திருந்த படிகங்களின் மேற்பரப்பு மெல்லக் கரைந்து தளர்கிறது. தளர்ந்தவை உதிர்கின்றன; உதிர்ந்தால் தாக்குதல் வருகிறது. இதுவரை வலிக்காத கணுக்காலில் வந்ததென்றால், அங்கேயும் படிகம் இருந்திருக்கிறது என்றுதான் பொருள். மாத்திரை புதிதாக ஒரு நோயை உண்டாக்கவில்லை; இருந்த சரக்கை அசைத்திருக்கிறது. முதல் சில மாதங்களில் பலருக்கு இது நேரும். என்னிடம் மாத்திரையைத் தந்தவர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருக்க மாட்டேன். சொல்லாததால் ஒவ்வொரு முறையும் நிறுத்தினேன். படிகமும் ஒவ்வொரு முறையும் மீண்டும் படிந்தது.

ஆறாம் ஆண்டில் என் இடது முழங்கையின் நுனியில் பட்டாணி அளவில் ஒரு கட்டி எழும்பியது. பிறகு வலது காதின் விளிம்பில் அரிசி மணி போல வெளிறிய புடைப்பு. ஒருநாள் நடுவிரல் மூட்டின் மேலிருந்த கட்டி தானாக வெடித்து, பல் விளக்கும் பசை போன்ற வெண்மையான ஒன்று கசிந்தது. துணியால் ஒற்றி விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தபோது சுண்ணாம்பைப் போல நறநறத்தது. அது முழுவதும் யூரிக் அமில உப்பு என்று மருத்துவர் கூறியபோதுதான், இத்தனை ஆண்டுகளாக எனக்குள் என்ன சேர்ந்துகொண்டிருந்தது என்பது எனக்கு உறைத்தது. நுண்ணோக்கியில் உலகைக் கண்ட லேவன்ஹூக், 1679-ஆம் ஆண்டிலேயே இத்தகைய கட்டியின் வெண்பொடியை வைத்துப் பார்த்து, இருமுனையும் கூரான ஊசிகள் அதில் இருப்பதை எழுதிவைத்தார் என்று பின்னாளில் படித்தேன். என் விரலில் கசிந்ததும் அதே ஊசிகள்தான்.

அதன் பிறகு அளவை 5-க்குக் கீழே கொண்டுவந்து, ஒருநாளும் விடாமல் மாத்திரை எடுத்தேன். ஏறத்தாழ இரண்டரை ஆண்டில் காதிலிருந்த புடைப்பு காணாமல் போனது. முழங்கைக் கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது. கடைசியாகத் தாக்குதல் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே, நிறுத்தாதீர்கள். உங்கள் மருத்துவரைப் பார்த்து, தாக்குதலைத் தடுக்கும் துணை மருந்து எனக்கு ஏன் தரப்படவில்லை என்று மட்டும் கேளுங்கள்.

மருந்தாளுநர்

மருத்துவமனையொன்றின் மருந்தகத்தில் பணிபுரிகிறேன். மேலே நண்பர் எழுதியது சரி. மருந்துகள் தொடர்பாகச் சிலவற்றைச் சேர்க்கிறேன். உங்கள் உடல்நிலையை நேரில் அறிந்த மருத்துவரின் முடிவே இறுதியானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தாக்குதலின்போது எடுத்த 6.4 என்ற அளவை வைத்துக் கவுட் இல்லை என்று முடிவு செய்வது தவறு. கடுமையான அழற்சியின்போது சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதால், இரத்தத்தில் அதன் அளவு தற்காலிகமாக இறங்கிப் பலருக்கு இயல்பு போலவே தோன்றும். வலி அடங்கி இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து எடுத்த அளவையே நம்ப வேண்டும். உங்கள் 8.9 அமைதியான காலத்தில் எடுத்தது என்றால், அதுதான் உங்கள் உண்மை நிலை.

அலோபியூரினால் வலி மாத்திரை அன்று. யூரிக் அமிலத்தை உருவாக்கும் நொதியைத் தடுக்கும் மருந்து. இதை உருவாக்கிய குழுவின் கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகிய இருவரும், பல மருந்துகளுக்கு வழிவகுத்த ஆய்வுகளுக்காக 1988-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1966 முதல் கவுட்டுக்குப் பயன்பட்டுவரும் மருந்து என்பதால் இதன் குணமும் குறையும் நன்கு அறியப்பட்டவை. 100 மில்லிகிராம் என்பது தொடக்க அளவு மட்டுமே. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அதைவிடக் குறைவாகவும் தொடங்குவார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தத்தைப் பார்த்து, 6-க்குக் கீழே இறங்கும் வரை படிப்படியாக உயர்த்த வேண்டும். பலருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டியும் தேவைப்படுகிறது. எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்: தொடக்க அளவிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிட்டு, மாத்திரை எடுத்தும் பயனில்லை என்று சொல்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். பிரிட்டனில் நடந்து 2018-இல் லான்செட் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயை நன்கு விளக்கி, அளவைப் பார்த்துப் பார்த்து மருந்தை உயர்த்திய செவிலியர்களின் பராமரிப்பில் இருந்தவர்களில் 95 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டு முடிவில் 6-க்குக் கீழே இருந்தனர். வழக்கமான முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 30 விழுக்காட்டினரே அந்த இலக்கில் இருந்தனர். இரு குழுவினருக்கும் கிடைக்கக்கூடியவை அதே மருந்துகள்தான்.

துணை மருந்து குறித்து: யூரிக் அமிலத்தைக் குறைக்கத் தொடங்கும்போது, முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குக் கால்ச்சிசின் என்னும் அழற்சி மருந்தைக் குறைந்த அளவில் தினமும் தருவது நிலைபெற்ற முறை. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு அழற்சி மருந்துகள் உண்டு. தாக்குதல் வந்துவிட்டால் அதே கால்ச்சிசினை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. முதல் சில மணி நேரம் பொன்னானது. முற்காலத்தில் வயிற்றுப்போக்கு வரும் வரை மணிக்கொரு மாத்திரை விழுங்கச் சொல்வார்கள். அது தேவையற்றது என்பது 2010-இல் வெளியான ஆய்வில் தெளிவானது: மொத்தம் 1.8 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் 4.8 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் வலி குறைந்தது ஒன்றுபோலவே. வயிற்றுப்போக்குதான் இரண்டாம் குழுவினருக்குப் பன்மடங்கு. செங்காந்தள் கிழங்கிலும் இதே கால்ச்சிசின் இருக்கிறது என்று கேள்விப்பட்டு அதை உண்ண எவரும் துணிய வேண்டாம். அதன் அளவை எவராலும் கணிக்க முடியாது. உயிரைப் பறித்துவிடும் நஞ்சு அது. மாத்திரையாக எடுக்கும்போதும், கிளாரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகளுடன் சேர்ந்தால் கால்ச்சிசின் உடலில் தேங்கிவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அலோபியூரினாலை உடனே நிறுத்த வேண்டிய சூழல் ஒன்று உண்டு. தொடங்கிய முதல் சில வாரங்களில் உடலில் தடிப்போ, வாயில் புண்ணோ, கண் சிவப்போ, காய்ச்சலோ தோன்றினால், அடுத்த மாத்திரையை எடுக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இது அரிது, ஆனால் கடுமையானது. எச்.எல்.ஏ-பி 5801 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். சில இனக்குழுவினருக்கு முன்கூட்டியே அதைப் பரிசோதிப்பதும் உண்டு. நோயெதிர்ப்பைத் தணிக்கும் அசாதியோப்ரின் என்ற மருந்தை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இரண்டும் சேர்ந்தால் எலும்பு மச்சை பாதிக்கப்படும். மூட்டுவலி வந்தது என்பது மட்டும் நிறுத்துவதற்குக் காரணம் ஆகாது. தாக்குதல் நடக்கும்போதும் அலோபியூரினாலை விடாமல் தொடர வேண்டும்.

உங்கள் இரத்த அழுத்த மாத்திரையின் பெயரை எழுதவில்லையே? அட்டையின் பின்புறம் ஹைட்ரோகுளோரோதையசைடு என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

மாலைவெயில்

உங்கள் இருவருக்கும் எவ்வாறு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு மருந்துகள் சேர்ந்த மாத்திரை அது, இரண்டாவதாக நீங்கள் குறிப்பிட்ட பெயரே அச்சிடப்பட்டிருக்கிறது, 12.5 மில்லிகிராம். ஐந்து ஆண்டுகளாக எடுத்துவருகிறேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உணவைப் பற்றியும் எவராவது சொன்னால் நன்றாக இருக்கும். இப்போது எதைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது.

மருந்தாளுநர்

தொடர்பு உண்டு. சிறுநீரைப் பெருக்கும் அந்த வகை மருந்துகள் சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதைக் குறைத்துவிடுகின்றன. ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். இரத்த அழுத்தம் கட்டுப்பாடின்றிப் போவது மூட்டுவலியைவிடப் பெரிய ஆபத்து. மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். லோசார்டான் என்ற இரத்த அழுத்த மருந்துக்கு யூரிக் அமிலத்தைச் சற்றுக் குறைக்கும் குணம் இருப்பதால், பொருந்துமெனில் அவரே அதைத் தேர்ந்தெடுக்கக்கூடும். குறைந்த அளவு ஆஸ்பிரினும் யூரிக் அமிலத்தை உயர்த்தும். இருந்தாலும் இதயத்திற்காக அதை எடுப்பவர்கள் கவுட்டைக் காரணம் காட்டி விட்டுவிடக் கூடாது.

தாழ்வாரம்

உணவைப் பற்றி நான் எழுதுகிறேன். என் தாயாருக்கு 68-ஆம் வயதில் இந்நோய் வந்தது. மூன்று ஆண்டுகளாக அவருடைய உணவையும் மருந்தையும் கவனித்துக்கொள்பவள் நான்.

சகோதரரே, நீங்கள் பருப்பை விட்டது தேவையற்றது. பருப்பு, கீரை, காளான் போன்றவற்றில் பியூரின் இருந்தாலும், தாவர உணவில் உள்ள பியூரினுக்கும் கவுட்டுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பது, ஏறத்தாழ 47,000 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004-இல் வெளியான ஆய்வின் முடிவு. கல்லீரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி, சிவப்பிறைச்சி, சிப்பி வகைகள், சில கடல் மீன்கள், மது, அதிலும் குறிப்பாக பீர், இவைதாம் அளவை உயர்த்துபவை. பலர் கவனிக்காமல் விடுவது சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களை. அவற்றிலுள்ள ஃபிரக்டோஸ் உடலில் சிதையும்போது நேரடியாகவே யூரிக் அமிலம் உருவாகிறது. கொழுப்பு நீக்கிய பாலும் அதிலிருந்து செய்தவையும் சற்று நன்மை செய்கின்றன. உடல் எடை கூடியிருந்தால் மெதுவாகக் குறையுங்கள். பட்டினி கிடந்து ஒரேயடியாகக் குறைத்தால் யூரிக் அமிலம் ஏறி, அதுவே தாக்குதலைத் தூண்டிவிடும். நீர்ச்சத்துக் குறைவும் அப்படியே.

ஆனால் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு கடுமையாகப் பத்தியம் இருந்தாலும் பொதுவாக ஒரு மில்லிகிராம் அளவுக்குத்தான் குறையும். 8.9-ஐப் பத்தியத்தால் மட்டும் 6-க்குக் கீழே இறக்கிவிட முடியாது. நம்முடைய யூரிக் அமிலத்தின் பெரும்பகுதி தட்டிலிருந்து வருவதில்லை, உடலுக்குள்ளேயே உண்டாகிறது. ஆகவே இந்நோய் வந்ததற்கு உங்கள் வாய்தான் காரணம் என்று எவராவது குறை சொன்னால் அதை ஏற்றுக்கொண்டு குமைய வேண்டாம். என் தாயார் வாழ்நாளில் இறைச்சியோ மதுவோ தொட்டதில்லை.

அவருடைய கதையில் மற்றவர்களுக்குப் பயன்படக்கூடிய செய்தி ஒன்று இருக்கிறது. மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் யூரிக் அமிலத்தை வெளியேற்றத் துணைபுரிவதால் இந்நோய் அவர்களுக்கு அரிது; அதன் பிறகு அந்தப் பாதுகாப்பு குறைகிறது. தாயாருக்குப் பெருவிரலில் வரவில்லை, கைவிரல் மூட்டுகளில் வந்தது. வயதானதால் வந்த தேய்மானம் என்று ஓராண்டு முழுவதும் தைலமும் வலி மாத்திரையுமாகக் கழிந்தது. பிறகு ஒருநாள் முழங்கால் பந்து போல வீங்கியபோது, மூட்டு நோய் மருத்துவர் ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்தார். தெளிவாக இருக்க வேண்டிய அந்த நீர் கலங்கிய மஞ்சளாக இருந்தது. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, முனைவுற்ற ஒளி பாயும் நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார்: இருண்ட பின்னணியில் மெல்லிய ஊசிகள் மின்னிக்கொண்டிருந்தன, சில வெள்ளணுக்களின் உள்ளேயே குத்தி நின்றன. ஓராண்டுக் குழப்பம் அந்த ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. கவுட்டை ஐயமின்றி உறுதிசெய்யும் பரிசோதனை இதுதான். கால்சியம் படிகத்தால் வரும் போலிக் கவுட்டையும், மூட்டில் கிருமி புகுந்திருப்பதையும் பிரித்தறிய இது உதவுகிறது. வீங்கிய மூட்டுடன் குளிர்காய்ச்சலும் சேர்ந்து வந்தால், வழக்கமான கவுட்தானே என்று வீட்டில் இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், ஏனெனில் கிருமித் தொற்று சில நாட்களிலேயே மூட்டை அழித்துவிடும்.

மாலைவெயில்

இன்று மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். நீங்கள் அனைவரும் சொன்னவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் பொறுமையாகப் படித்தார். அலோபியூரினாலைத் தொடரச் சொல்லி, கால்ச்சிசின் 0.5 மில்லிகிராம் தினமும் ஒன்று சேர்த்திருக்கிறார். இரத்த அழுத்த மாத்திரையை லோசார்டானுக்கு மாற்றியிருக்கிறார். நான்கு வாரம் கழித்து யூரிக் அமிலமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்துவிட்டு அலோபியூரினாலை 200 ஆக உயர்த்தலாம் என்றார். ஒன்றை மட்டும் கேட்க மறந்துவிட்டேன்: அளவு 6-க்குக் கீழே வந்து, வலியும் வராமல் ஓராண்டு கடந்துவிட்டால், மாத்திரையை விட்டுவிடலாமா?

கரையோரம்

இதே கேள்வியைத்தான் நானும் கேட்டேன், நண்பரே. விட்டால் சில வாரங்களிலேயே அளவு பழைய இடத்திற்கு ஏறிவிடும். வலி உடனே வராது. படிகம் மீண்டும் சேர்வதற்கு மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம் என்பதால், நிறுத்தியது சரிதான் போலிருக்கிறது என்ற எண்ணம் வந்துவிடும். என் இரண்டாவது நிறுத்தம் அப்படித்தான் பதினாறு மாதம் நீடித்தது. காதிலிருந்த புடைப்பு எழும்பியது அந்தப் பதினாறு மாதத்தில்தான். இரத்த அழுத்த மாத்திரையைப் போல இதையும் நெடுங்கால மருந்தாகவே எண்ணிக்கொள்ளுங்கள். கால்ச்சிசின் மட்டும்தான் சில மாதங்களில் முடிவது.

நான் அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டி, தேதி, யூரிக் அமில அளவு, மாத்திரையின் அளவு, வலி வந்த மூட்டு என்று நான்கு கட்டங்கள் போட்டுப் பரிசோதனைதோறும் எழுதிவருகிறேன். நீங்களும் 8.9-ஐ முதல் வரியில் எழுதித் தொடங்குங்கள்; 6.4-ஐ எழுதும்போது, தாக்குதலின்போது எடுத்தது என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். நான்கு வாரம் கழித்து வரும் அளவை இங்கே தெரிவியுங்கள், காத்திருக்கிறேன்.